மாசானமுத்துவின் மாத்திரை நோட்டு

பங்குனி 19, வியாழன்

டாக்டரம்மா இன்றைக்கு எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள்.

"ஒன்றரை வருசமா மாத்திரை சாப்பிடுறீங்க ஐயா. இப்போ நல்லா இருக்கீங்க. இன்னும் கொஞ்ச காலம் தொடரலாம். இல்லேன்னா மெல்ல மெல்லக் குறைச்சு நிறுத்தலாம். ரெண்டுலயும் நல்லதும் இருக்கு, கஷ்டமும் இருக்கு. ஒரு மாசம் தூக்கம், சாப்பாடு, மனசு எப்படி இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. சேர்ந்து முடிவு பண்ணுவோம். ஆனா நீங்களா சட்டுனு நிறுத்திரக் கூடாது."

எனக்கு எழுத்து தெரியாது. ரேகை வைக்கிறவன். அதனால் என் தங்கச்சி மகள் மரகதத்தைப் பிடித்தேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள், அடுத்த தெருவில் தையல் மிசின் வைத்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். "நீங்க பேசுதபடி எழுதுனா டாக்டரம்மா மண்டையப் பிச்சிக்கிடுவாவ மாமா. பொஸ்தகத் தமிழாத் திருத்திப் போடுதேன்" என்றாள். எழுதாதே என்று நான் சொல்வதையும் சேர்த்து எழுதிவிடுகிறாள். வாசித்துக் காட்டும்போதுதான் தெரிகிறது.

எழுத்து இல்லாதவனுக்கு ஞாபகம்தான் நோட்டு. என் கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மனசு எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஆசுபத்திரி வரிசையில் ஐகோர்ட்துரையின் மகள் தர்சினி கைக்குழந்தையோடு நின்றாள். துரை என் சித்தப்பா மகன், எங்கள் கோயிலுக்கு நிர்வாகி. என்னைப் பார்த்ததும் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். நானும் சுவரில் இருந்த கொசுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை பெற்றவளை ஐந்தாம் மாதம் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கம். இவளுக்கு எட்டு மாதம் ஆகிறது. நான் யாரிடமும் கேட்கவில்லை.

பங்குனி 20, வெள்ளி

தூங்கினேன். மூன்று கட்டு வாழை இலை அறுத்தேன். மனசு இருந்தது.

பங்குனி 23, திங்கள்

மாலையில் ஐகோர்ட்துரை வந்தான். உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணாச்சி, சித்திரை பதினஞ்சு கொடை. எட்டாம் தேதி கால்நாட்டு. பீடம் கட்டுத வேலையில போன வருசம் விட்டுப்போச்சி. இந்த வருசம் விடப்படாது."

"நல்ல காரியம். நடத்து."

"நடத்திருவேன். ஆடுததுக்கு நீரு வேணுமே."

"நான் எங்க ஓடியா போயிட்டேன்?"

"ஆள் இருக்கேரு. அந்த மாத்திரையும்லா இருக்கு." குரலைத் தாழ்த்தினான். "மாத்திரை மனச அமத்துது. மாடன் மனசத் தூக்குவான். ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்குமா? கொடை முடியுத வரைக்கும் அத நிறுத்திப்போடும்."

உள்ளே இருந்து என் வீட்டுக்காரி சொர்ணம் சத்தம் கொடுத்தாள். "சுடுகாட்டுல நிக்குத சாமியாக்கும்! கடலப்பருப்புத் தண்டி மாத்திரையப் பாத்தா ஓடப்போவுது?"

"மைனி, இது ஒங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதுதான். மதகு மேல உக்காந்திருந்த மனுசனக் கையப் புடிச்சிக் கூட்டியாந்தது நீயா, நானா?"

துரை போய்விட்டான். நான் வெளியில் போய் நின்றேன். பிறகு உள்ளே வந்தேன். மறுபடி வெளியே போனேன். ஆட்டுக்குத் தழை கட்டியாகிவிட்டது என்பது கட்டப் போன பிறகுதான் தெரிந்தது.

டாக்டரம்மாவுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். எங்கள் பதினான்கு வீட்டுக்கும் குலதெய்வம் சுடலைமாடன். கொடை என்றால் கோயில் திருவிழா. அன்றைக்குச் சாமி என்மேல் வரும். குறி கேட்பவர்களுக்குச் சாமி என் வாயால் பதில் சொல்லும். முப்பது வயதில் முதலில் வந்தது. இது நாற்பத்தோராவது வருசம். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு வரும் முதல் கொடை இதுதான்.

பங்குனி 26, வியாழன்

சீக்கு எப்படி இருந்தது என்று மறந்துவிட்டால் முடிவு எடுக்க முடியாது, அதையும் சொல்லுங்கள் என்றாள் மரகதம்.

இரண்டு வருசத்துக்கு முந்தைய ஐப்பசியில் ஆரம்பித்தது. வாழைக்குள் இலை அறுக்கப் போவேன். அரிவாள் கையில் இருக்கும், இலை கண்முன்னால் ஆடும், கை மட்டும் எழும்பாது. சோறு வாயில் மண் மாதிரி இருக்கும். ஒருநாள் காலையில் வாய்க்கால் மதகின்மேல் போய் உட்கார்ந்தேன். வெயில் சாயும் வரை அங்கேயே இருந்தேன். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா மாமா?"

அவ்வளவுதான்.

இப்போது கை எழும்புகிறது. குழம்பில் உப்புக் கூடினால் தெரிகிறது. ஆனால் போன வருசம் மாசியில் என் அண்ணன் செத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பாடையைத் தூக்கும்போது கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அழுகையே வராதவன்மேல் சாமி எப்படி வரும்?

சாமி வருவது உள்ளங்காலில் தொடங்கும். எறும்பு ஊறுவதுபோல் இருக்கும். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறும். நெஞ்சைத் தாண்டும்போது நான் போய்விடுவேன். நாற்பது வருசமாக அந்த வழி மாறியதில்லை.

சித்திரை 1, செவ்வாய்

வருசப் பிறப்பு. கோயிலில் தர்சினி நின்றாள். பிள்ளையை அவள் அம்மா வைத்திருந்தாள். யாரோ அவளிடம், "என்ன தாயி, மாப்ள வரலையா?" என்று கேட்டார்கள். துரை அவசரமாக முன்னால் வந்து எல்லாருக்கும் திருநீறு கொடுத்தான்.

தூக்கம் குறைவு. மாத்திரை போட்டேன்.

சித்திரை 4, வெள்ளி

லிங்கராஜைப் பற்றியும் நோட்டில் இருக்க வேண்டும் என்று மரகதமே சொன்னாள். அவன் அவளுடைய புருசன். அவளை வைத்துக்கொண்டு சொல்வது எப்படி? "சொல்லுங்க, எழுதத்தான வந்திருக்கேன்" என்றாள்.

லாரி ஓட்டினான். நெஞ்சு வலிக்கிறது என்று திருநெல்வேலியில் போய்க் காட்டினான். ஆஞ்சியோ பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதே என்றார்கள். எனக்குச் சீக்கு வருவதற்கு முந்தின கொடையில் மதிய பூசைக்குச் சாமியிடம் குறி கேட்டான். "உன் மேல கத்தி படாதுடா, நான் காவலுக்கு இருக்கேன்" என்று சாமி சொல்லியிருக்கிறது. அவன் ஆசுபத்திரிக்குப் போகவில்லை. வைகாசி கடைசியில் தூத்துக்குடி ரோட்டில் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தபடி செத்துப்போனான். விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டான் என்றது ஊர். யாரும் சாமியைக் குறை சொல்லவில்லை. என்னையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாமி சொன்னது எனக்கு எப்படித் தெரியும்? ஊரார் சொல்லித்தான் தெரியும். ஆடும்போது நடந்தது எந்தச் சாமியாடிக்கும் ஞாபகம் இருக்காது. பாவம், நீலக் கட்டம் போட்ட சட்டையில் மேல் பட்டன் அறுந்து ஊக்கு குத்தியிருந்தான். அவன் கும்பிடும்போது அந்த ஊக்கு வெயிலில் மின்னியது.

மரகதத்தின் பேனா நின்றது. ஏன் என்று கேட்டேன். "மை தீந்துட்டு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அதே பேனாவால் எழுதினாள்.

சித்திரை 5, சனி

மாத்திரை போட்டேன்.

சித்திரை 6, ஞாயிறு

போட்டேன். தினமும் இதைக் கேட்காதே.

சித்திரை 8, செவ்வாய்

கால்நாட்டு. இனி எட்டு நாள் விரதம். வெளியில் சாப்பிடக் கூடாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது.

பந்தக்காலைக் குழியில் இறக்கும்போது முதல் கை என்னுடையதாக இருக்க வேண்டும். கையை வைத்தேன். தலைக்குள் சுரீர் என்று ஒரு வெட்டு. கரண்டு கம்பியைத் தொட்டதுபோல் காது வழியாகக் கழுத்துக்கு இறங்கியது. கண்ணைத் திருப்பினால் மறுபடியும் அதே வெட்டு. கை நடுங்கியது. மஞ்சள் தண்ணீர்ச் செம்பு கீழே விழுந்து உருண்டது.

பெண்கள் குலவை போட்டார்கள். ஐகோர்ட்துரை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கத்தினான். "பாத்தியளாவே! கால்நாட்டுலயே இறங்கிட்டான் மாடன்! நான் சொன்னம்லா!"

எல்லாரும் என் காலில் விழுந்தார்கள். நான் என் உள்ளங்காலைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் துரை கூடவே வந்தான். "நிறுத்திட்டேருதான?" என்று காதோடு கேட்டான். மரகதம், இதை எழுதாதே.

சித்திரை 11, வெள்ளி

உட்கார முடியவில்லை. வாழைக்குப் போனேன், பாதியில் திரும்பினேன். கடைக்குப் போனேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஆறு தீப்பெட்டி இருக்கிறதாம். சொர்ணத்திடம் மோருக்காகச் சண்டை போட்டேன். வேலியில் மாட்டிக்கொண்ட ஆட்டுக்குட்டி கத்தியதைக் கேட்டு ரோட்டோரம் நின்று அழுதேன். அண்ணனுக்கு வராத அழுகை ஆட்டுக்குட்டிக்கு வந்தது.

ஊரில் எல்லாரும் சந்தோசமாக இருக்கிறார்கள். "மாசானத்த மாடன் உக்காரவிட மாட்டேங்கான்" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம்.

அப்படித்தானோ என்று எனக்கும் ஒரு நினைப்பு. வயதாகிவிட்டதால் வழியை மாற்றி வருகிறதோ? ஆனால் சாமி வந்துபோனால் உடம்பு கழுவிவிட்ட மாதிரி இருக்கும். இது போன பிறகு நாக்கெல்லாம் கசக்கிறது, மதகு ஞாபகம் வருகிறது.

சித்திரை 13, ஞாயிறு

மரகதம் நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளாச்சி மாமா?"

"எது?"

"மாமா."

"இன்னையோட ஒம்பது."

வாயில் போடுவேன், நாக்குக்கு அடியில் ஒதுக்குவேன், வாழைக்குப் போகிற வழியில் துப்பிவிடுவேன். அதைச் சொன்னேன்.

"அப்போ நான் எழுதுனதெல்லாம் பொய்யா?"

"ரெண்டு வரிதான பொய்."

"நல்லாருக்கு! எதுக்கு இப்படிச் செஞ்சிய? தொரை மாமா சொன்னாருன்னா?"

"அவன் சொன்னதுக்கு இல்ல தாயி. சாமி வராம நான் போயி நின்னா அது வேசம். திரும்பவும் அந்த மாதிரி நிக்க என்னால முடியாது."

"திரும்பவுமா?"

தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவள் எழுந்தாள். பிறகு அடுக்களைக்குப் போய்ச் சொர்ணத்திடம் சொல்லிவிட்டாள். சொர்ணம் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றாள். "இன்னும் ரெண்டு நாளு" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள், "புதன்கெழம காலைல கோழிக்கு மருந்து ஊத்துத மாதிரி வாயத் தெறந்து போடுவேன். அதுக்குள்ள உமக்கு என்னமாவது ஆச்சி, தொரை வீட்டு வாசல்ல போயி உக்காந்துருவேன்" என்றாள்.

சித்திரை 20, ஞாயிறு

கொடை முடிந்து நான்கு நாள் மரகதம் வரவில்லை. இன்றைக்கு வந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். "செவ்வாக்கெழமலேருந்து சொல்லுங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சொல்கிறேன்.

மதியக் கொடைக்குச் சல்லடம் என்னும் குட்டைக் கால்சட்டையும் குல்லாயும் கட்டிவிட்டார்கள். கையில் வல்லயத்தைக் கொடுத்தார்கள். அந்த ஈட்டியைப் பிடித்ததும் எப்போதும் உள்ளங்கால் கூசும். கூசவில்லை. வில்லுப்பாட்டுக்காரர் மாடன் பிறந்த கதையைப் பாடினார். மகுட மேளம் அடிக்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் தலைக்குள் வெட்டியது. உடம்பெல்லாம் உதறியது. பற்கள் தந்தி அடித்தன. வேர்வை ஊற்றியது. பார்க்கிறவர்களுக்கு அப்படி ஒரு சாமியாட்டம் நாற்பது வருசத்தில் நடந்திருக்காது. குலவைச் சத்தம் காதை அடைத்தது. நான் மட்டும் உள்ளே முழுசாக இருந்தேன். மணல் சுட்டது. இடது கால் கட்டைவிரலில் முள் குத்தியது. எல்லாம் தெரிந்தது.

குறி கேட்க முதல் ஆளாக ஐகோர்ட்துரை வந்தான். தர்சினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அவள் தலை குனிந்திருந்தாள்.

"மாடா, எம் மவ பிள்ள பெத்ததுலேருந்து மனசு சரியில்லன்னு மாத்திரை குடுத்துருக்காவ. மாத்திரை திங்கவ எங்க வீட்டுக்கு வேண்டாங்காரு சம்பந்தக்காரரு. நிறுத்தவா, வேண்டாமா? நீ ஒரு வார்த்த சொல்லு, இன்னைக்கே தூரப் போட்டுருதேன்." சொல்லும்போதே அவன் அழுதுவிட்டான். துரை அழுது நான் பார்த்ததில்லை. என்னை நிறுத்தச் சொல்லி இத்தனை நாள் விரட்டியது இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் என்று அப்போது புரிந்தது.

'நிறுத்தாதே' என்று சாமி குரலில் ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம். பதினான்கு வீடும் கேட்டிருக்கும். சம்பந்தக்காரனும் வாயை மூடியிருப்பான். நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அன்றைக்கு லிங்கராஜுக்கும் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

கையைத் தூக்கி மகுடத்தை நிறுத்தினேன். வல்லயத்தைக் கீழே வைத்தேன்.

"தொரை, சாமி வரல. மாசானமுத்து பேசுதேன்."

"சோதிக்கான், மாடன் சோதிக்கான்!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

"யாரும் சோதிக்கல. பதினோரு நாளா நான் மாத்திரை போடல. அந்த நடுக்கம் இது. இதுக்குத்தான் குலவ போட்டிய, கால்ல விழுந்திய. தாயி தர்சினி, நீ நிறுத்தணுமா தொடரணுமான்னு சொல்ல எனக்குத் தெரியாது. சட்டுனு நிறுத்துனவன் எப்படி இருப்பான்னு மட்டும் நல்லாப் பாத்துக்கோ. கேக்க வேண்டிய எடம் இது இல்ல. வியாழக்கெழம அந்த வரிசையில நிக்கமே, அங்க கேளு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

"லிங்கராஜுக்குக் கத்தி படாதுன்னு சொன்னதும் சாமி இல்ல. நான்தான்."

துரை வல்லயத்தை எடுத்துப் பீடத்தில் சாய்த்தான். "கொடையக் கெடுத்துட்டேருவே" என்றான். வில்லுப்பாட்டுக்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தார். பெண்கள் பக்கம் பார்த்தேன். மரகதம் எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.

இதுவரை எழுதியவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "அன்னைக்கு என்ன நடந்துச்சி? வரி விடாமச் சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே."

சொன்னேன். அன்றைக்குச் சாமி வந்தது உண்மை. ஆனால் சீக்கிரமே மலையேறிவிட்டது. உடம்பு திரும்பி என் கைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து லிங்கராஜ் முன்னால் வந்து நின்றான். காலையில் சல்லடம் கட்டிவிடும்போதே அவன் என்னிடம் சொல்லியிருந்தான்: "மாமா, ஆசுபத்திரிக்குள்ள போனா திரும்பி வரமாட்டேன்னு தோணுது. ராத்திரி பூரா அழுதேன். மரகதத்துகிட்டச் சொல்லிராதிய, அவ ஒடஞ்சி போவா." சாமி போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் திரும்பிப் போயிருப்பான். நெற்றியில் திருநீறு பூசியிருப்பேன், அவ்வளவுதான். பயந்துபோன முகம். ஆறுதலாக ஏதாவது சொல்லத் தோன்றியது. சொன்னேன். அவன் சிரித்தான். ஒரு மாதமாகச் சிரிக்காதவன் சிரித்தான்.

மரகதம் எழுதினாள். 'ராத்திரி பூரா அழுதேன்' என்ற இடத்தில், "என்ன சொன்னாரு? திரும்பச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "பக்கத்துலதான படுத்திருந்தேன்" என்றாள். அதன்பிறகு நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனாள்.

டாக்டரம்மாவுக்கு: புதன்கிழமை காலையில் சொர்ணம் சொன்னபடியே செய்துவிட்டாள். வியாழக்கிழமை உங்களிடம் வந்தோம். நீங்கள் அரை மாத்திரையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னீர்கள். வெட்டு குறைந்திருக்கிறது. தூக்கம் இரண்டு மணி நேரம். உட்கார முடிகிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை.

சித்திரை 24, வியாழன்

ஆசுபத்திரிக்கு என்னோடும் சொர்ணத்தோடும் மரகதமும் வந்தாள். கூப்பிடவில்லை, அவளாகவே பஸ் ஏறினாள்.

ஐகோர்ட்துரை மோட்டார் சைக்கிளில் தர்சினியையும் குழந்தையையும் கொண்டுவந்து இறக்கினான். என்னோடு பேச்சு இல்லை. ஊரிலும் பாதிப் பேர் பேசுவதில்லை. வாசலில் அங்கும் இங்கும் பார்த்தவன், கடைசியில் வேறு எங்கோ பார்த்தபடி கேட்டான். "சீட்டு எங்கவே போடணும்?"

"மஞ்சக் கவுண்டர்ல."

"கூட்டமா இருக்கே."

"வியாழக்கெழம அப்படித்தான். பிள்ளையக் குடுத்துட்டுப் போ."

குழந்தையை என்னிடம் தரவில்லை, சொர்ணத்திடம் கொடுத்துவிட்டுப் போனான்.

டாக்டரம்மா நோட்டை முழுக்கப் படித்தார்கள். வெளியில் வரிசை நீண்டுகொண்டே இருந்தது, அவசரப்படாமல் படித்தார்கள். "தொடரலாமா, குறைக்கலாமா? இப்ப நீங்க சொல்லுங்க" என்றார்கள்.

"தொடருதேம்மா. மாத்திரையால சாமி வரலையா, அன்னைக்கு லிங்கராஜுகிட்ட நான் பேசுனதால வரலையான்னு எனக்குத் தெரியாது. அது தெரியணும்னு இனி நிறுத்திப் பாக்க மாட்டேன். ஆனா இந்த மாத்திரை லிங்கராஜ மறக்கவும் வைக்காதுல்ல?"

"வைக்காது ஐயா. அதத் தாங்கிக்கிட்டு எழுந்து நடக்க வைக்கும், அவ்வளவுதான்."

"அது போதும்."

குறைப்பதைப் பற்றி அடுத்த தையில் பேசுவோம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மரகதம் நோட்டை எடுத்தாள். நான் சொல்லத் தொடங்கும் முன்னால் அவள் பேசினாள்.

"மாமா, ஒங்கமேல எனக்குக் கோவம் தீரல. சாமி சொல்லிச் செத்தாருன்னா விதின்னு கெடந்தேன். இப்போ அதுவும் இல்ல. தீருமான்னும் தெரியல. இதையும் எழுதவா?"

"எழுது."

"எழுதுனா நோட்டுல இருக்கும்."

"இருக்கட்டும். நாளைக்கும் வருவியா?"

அதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தாள். நான் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றாள். பிறகு நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.